நாமக்கல் முட்டையும் வாட்டாத ஆட்டுத்தலையும்

சேர்வராயன் மலையிலுள்ள எங்கள் ஊரான வெள்ளக்கடையிலிருந்து சேலத்துக்கு இறங்கி என் கிளினிக்குக்கு வருகிறவர்கள் ஒன்று என் சொந்தக்காரர்களாக இருப்பார்கள், இல்லாவிட்டால் என் அப்பாவோடு காப்பிக்காட்டில் வேலை பார்த்தவர்களாக இருப்பார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் வாயைத் திறந்து பார்த்தால் மேல்வரிசையில் கடைவாய்ப்பல் இருப்பது அபூர்வம். எப்போதோ வலித்திருக்கிறது, பிடுங்கியிருக்கிறார்கள், அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் ஆயா காலத்தில் மலையில் பல் டாக்டர் என்று தனியாக யாரும் கிடையாது. வலித்தால் கிராம்பு, பொறுக்க முடியாவிட்டால் தோட்டத்து டிஸ்பென்சரி. காய்ச்சலுக்கு மிக்சர் கொடுக்கும் கம்பவுண்டரே இடுக்கியும் வைத்திருப்பார். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை ஊன்றினார். காப்பி வந்த வேகத்தில் வைத்தியம் மலை ஏறவில்லை.

பல் போன இடத்தில் வெறும் பள்ளம் மட்டும் மிஞ்சுவதில்லை. கடைவாய்ப் பகுதிக்கு மேலே, மேல்தாடை எலும்புக்குள், காற்று நிறைந்த ஓர் அறை இருக்கிறது. வளர்ந்தவர்களுக்குச் சராசரியாக 15 மில்லிலிட்டர் கொள்ளும். அதுதான் மேல்தாடை சைனஸ். பல் இருக்கும்வரை எலும்பும் இருக்கும். பல் போனதும் கீழேயிருந்து எலும்பு கரைய, மேலேயிருந்து சைனஸ் இறங்கி வருகிறது. இம்ப்ளாண்ட் என்ற செயற்கைப் பல்வேரைப் பொருத்த 10 மில்லிமீட்டர் அளவுக்கு எலும்பு இருந்தால் நிம்மதி. எங்கள் ஊர்க்காரர்களின் எக்ஸ்ரேயில் பல தடவை மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான் தெரியும். அங்கே பல் நட வேண்டுமென்றால் பக்கவாட்டு எலும்பில் சின்ன ஜன்னல் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வைக் கிழியாமல் மேலே தூக்கி, அதன் அடியில் எலும்புத் துகளை நிரப்பி, ஆறு மாதமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். சைனஸ் லிஃப்ட் என்பது இதுதான். அந்தச் சவ்வு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. பல ஆய்வுகளில் ஏறத்தாழ ஐந்து அறுவைகளுக்கு ஒன்றில் அது கிழிந்திருக்கிறது. கிழித்தவர்களில் அனுபவசாலிகளும் உண்டு.

இந்த வித்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு எப்படி வந்தது என்பதை மாணவர்களுக்குச் சொல்லாமல் நான் கருவியை எடுத்துக் கொடுப்பதில்லை.

இங்கிலாந்தின் ஷெர்போர்ன் ஊரில் நத்தானியேல் ஹைமோர் என்ற மருத்துவர் 1651இல் ஓர் உடற்கூற்று நூல் வெளியிட்டார். அதில் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். மேல் கோரைப்பல்லைப் பிடுங்கிய குழியிலிருந்து அவளுக்கு நீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. எவ்வளவு ஆழம் என்று பார்க்க வெள்ளிக் கம்பியை விட்டாள், அது போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஓர் இறகின் தூவியை உரித்து, தண்டைச் செருகினாள். அதுவும் கிட்டத்தட்ட முழுசாக உள்ளே போயிற்று. மூளைக்கே போய்விட்டது என்று நடுங்கியவளுக்கு ஹைமோர், அங்கே இயற்கையாகவே ஒரு குகை இருக்கிறது என்று விளக்கினார். இன்றுவரை அந்த அறைக்கு அவர் பெயரும் உண்டு. சளி மூளையிலிருந்து இறங்குகிறது என்றுதான் அந்தக் காலத்து ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. மூக்கையும் சைனஸையும் போர்த்தியிருக்கும் சவ்வுதான் அதைச் சுரக்கிறது என்று 1660களில் காட்டியவர் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரத்துக் கான்ராட் விக்டர் ஷ்னைடர். நாங்கள் கிழியாமல் தூக்கும் சவ்வு அவர் பெயரில் இருப்பது அதனால்தான்.

அந்த அறைக்குள் வாய் வழியாகப் போகும் பாதையைப் பல் மருத்துவர்கள் போடவில்லை. சீழ் பிடித்த சைனஸைச் சுத்தம் செய்வதற்காக 1893இல் நியூயார்க்கில் ஜார்ஜ் கால்ட்வெல்லும் 1897இல் பாரிஸில் ஆன்ரி லூக்கும் உதட்டை உயர்த்தி, கோரைப்பல்லுக்கு மேலே எலும்பைத் திறந்தார்கள். உள்ளே இருப்பதை வெளியே எடுக்கத் திறந்த ஜன்னல் அது. அதே ஜன்னல் வழியாக வெளியிலிருந்து எலும்பை உள்ளே வைக்கலாம் என்ற யோசனை வர முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

யோசித்தவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ஹில்ட் டேட்டம். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை, ஓபலைக்கா என்ற சிற்றூரில் தொழில் செய்த பல் மருத்துவர். 1970களின் நடுவில் இந்த அறுவையைச் செய்யத் தொடங்கி, 1976இல் பர்மிங்ஹாமில் நடந்த இம்ப்ளாண்ட் மாநாட்டில் எடுத்துச் சொன்னார். அச்சில் முதலில் வந்தது அவர் எழுத்து இல்லை. 1980இல் பிலிப் பாய்னும் ராபர்ட் ஜேம்ஸும் தங்கள் கட்டுரையை வெளியிட்டார்கள். டேட்டம் விரிவாக எழுதியது 1986இல். பாய்ன் கட்டுரை வரும்வரை இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஒருவருக்கும் வழி கிடையாது. மேடையில் சொல்லக் கேட்டிருக்க வேண்டும், அல்லது செய்கிறவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும். சைனஸ் லிஃப்ட் தாளில் ஏறும் முன்பே கைகளில் பரவிவிட்ட வித்தை. இதன் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இன்றைய பயிற்சியைப் பற்றி நான் வைத்திருக்கும் கருத்துக்கெல்லாம் வேரும் இங்கேதான்.

இம்ப்ளாண்டும் அப்படித்தான் வந்தது. டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்வதை 1952 முதல் முயல்களில் பார்த்துவந்த ஸ்வீடன் நாட்டு பெர்-இங்வார் பிரோனமார்க், 1965இல்தான் முதல் மனிதருக்குப் பொருத்தினார். 1982 டொராண்டோ மாநாட்டில் உலகம் அவரை ஏற்றுக்கொண்ட பிறகும், பயிற்சிக்கு வராதவர்களின் கையில் அந்தக் கருவிகள் எளிதில் கிடைக்கவில்லை. அந்தக் கெடுபிடியை அப்போது குறைசொன்னவர்கள் உண்டு. நான் அதை மதிக்கிறேன். பிறகு வந்தவை வேலையை எளிதாக்கின. 1994இல் ராபர்ட் சம்மர்ஸ் ஜன்னல் திறக்காமல், இம்ப்ளாண்டுக்குத் தோண்டும் குழி வழியாகவே ஆஸ்டியோட்டோம் என்ற உளியைத் தட்டி சைனஸின் தரையை உயர்த்தும் முறையைச் சொன்னார். 2001இல் இத்தாலியின் வெர்செலோட்டி, எலும்பை வெட்டி சவ்வை விட்டுவிடும் பீசோ அதிர்வுக் கருவியால் ஜன்னல் திறந்து காட்டினார்.

நம் நாட்டில் பல் மருத்துவம் கற்ற கதை வேறு தினுசு. அமெரிக்காவின் அயோவாவில் படித்துத் திரும்பிய ரஃபியுதீன் அகமது 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதை நடத்தப் பணம் வேண்டுமென்று ‘நியூயார்க் சோடா ஃபவுண்டன்’ என்று ஒரு கடையே வைத்தார். நம் தொழிலுக்குச் சோடா விற்ற காசில் அஸ்திவாரம் போட்ட அந்த மனிதரின் பிறந்தநாளான டிசம்பர் 24 இன்று தேசியப் பல் மருத்துவர் தினம். சுதந்திரம் வந்து 1948இல் பல் மருத்துவர் சட்டம் இயற்றியபோது அரசாங்கத்துக்கு ஒரு சிக்கல். நாடெங்கும் பல் பார்த்தவர்களில் பலருக்குப் பட்டம் கிடையாது. அப்பனிடம் கற்ற மகன், டாக்டரிடம் உதவியாளாக நின்று கற்றவர், கல்கத்தாவிலும் சென்னையிலும் கடை வைத்த சீனக் குடும்பங்கள் என்று எத்தனையோ பேர். சட்டம் பதிவேட்டை இரண்டு பிரிவாக வைத்தது. பட்டம் பெற்றவர்கள் ஏ பிரிவு. பட்டமில்லாமல் குறைந்தது ஐந்து வருடம் இதையே பிழைப்பாகச் செய்தவர்கள் பி பிரிவு. கையில் இருந்த அனுபவத்துக்கு அரசாங்கம் கொடுத்த மரியாதை அது. அந்தக் கதவு அந்தத் தலைமுறையோடு மூடப்பட்டது, மூடப்பட்டதும் சரிதான்.

சென்னையில் 1953இல் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவம் தொடங்கியது. அதுவே இன்றைய அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1980இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் சேலம் அரியானூரிலும் ஒரு தனியார் கல்லூரி வந்தபோதுதான் எங்கள் மலையடிவாரத்துக்கே படிப்பு வந்து சேர்ந்தது.

கல்லூரியில் கையைப் பழக்கும் மரபு ஒன்று உண்டு, நல்ல மரபு. 1894இல் கிளாஸ்கோவின் ஆஸ்வால்ட் ஃபெர்கஸ் கம்பியில் தாடையை மாட்டி உருவாக்கிய ஃபேன்டம் தலை, உருமாறி உருமாறி இன்றும் எங்கள் ஆய்வகங்களில் நிற்கிறது. அதில் பொருத்தப் பிடுங்கிய பல் வேண்டும். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பல் பிடுங்கும் அறை வாசலில் சீனியர்களிடம் கெஞ்சாத பல் மருத்துவ மாணவி தமிழ்நாட்டில் இருந்திருக்க மாட்டாள். நல்ல மேல்கடைவாய்ப்பல் கிடைத்தால் அன்றைக்குக் கொண்டாட்டம். ஆனால் பி.டி.எஸ். முடிக்கும்போது எங்கள் கை சொத்தையைச் சுரண்டவும் பல் பிடுங்கவும்தான் பழகியிருக்கும். சைனஸ் படத்தில்தான் இருக்கும். எம்.டி.எஸ். போகாதவர்கள் அதைக் கற்க வெளியேதான் போக வேண்டும்.

வெளியே கிடைத்தது சனி, ஞாயிறு வகுப்பு. நான் போன முதல் வகுப்பு ஒரு ஹோட்டல் ஹாலில். பெரிய திரையில் அறுவை ஓடியது, பின்வரிசையிலிருந்து பார்த்தேன். மதியம் பிளாஸ்டிக் தாடை ஒன்றை மூன்று பேருக்குப் பொதுவாகக் கொடுத்தார்கள், என் முறை வருவதற்குள் ஜன்னல் திறந்து முடிந்திருந்தது. மாலையில் சான்றிதழ் என் பெயரில் அழகாக அச்சாகி வந்தது. 1948இல் பி பிரிவில் பதிந்தவர்களிடம் தாள் இல்லை, கை இருந்தது. அன்றைக்கு என்னிடம் தாள் இருந்தது. அந்தத் தாளை நம்பி வெள்ளக்கடைக்காரர் ஒருவரின் தாடையில் நான் எலும்பைக் குடையும் பர்ரை வைக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

பிறகு நான் கற்றது முட்டையில். உலகம் முழுக்க இந்தப் பயிற்சி உண்டு. எங்களுக்கு நாமக்கல் பக்கத்திலேயே இருப்பதால் பச்சை முட்டைக்குப் பஞ்சமில்லை. ஓட்டின் மேல் பென்சிலால் நீள்வட்டம் வரைந்து, உருண்டை வைர பர்ரால், சலைன் சொட்டச் சொட்ட, வரைந்த கோட்டை மட்டும் தேய்க்க வேண்டும். அழுத்தினால் போயிற்று. ஓடு மெலிய மெலிய நிறம் மாறும், சத்தமும் மாறும். மனித எலும்பிலும் சவ்வை நெருங்கும்போது நீலம் பாய்ந்த சாம்பல் நிறம் தெரியும். அந்த நிறத்தைக் கண்டதும் கை தானாக நிற்க வேண்டும். நிற்கப் பழக்குவதுதான் முட்டையின் வேலை. ஜன்னல் விட்டதும் வளைந்த க்யூரெட்டை ஓட்டின் உள்பக்கத்தோடு ஒட்டி நகர்த்தி, உள்தோலைப் பிரிக்க வேண்டும். கருவியின் முதுகு தோலைப் பார்க்க வேண்டும், விளிம்பு ஓட்டை விட்டு விலகக்கூடாது. வெள்ளைக்கரு கசிந்தால் அடுத்த முட்டை.

முட்டையில் எலும்பின் கனம் கிடைக்காது. அதற்கு ஆட்டுத்தலை. கறிக்கடையில் முதலில் குழப்பம்தான்.

“வாட்டிக் குடுத்தா முடியெல்லாம் போயிருமுங்க டாக்டரம்மா, கொழம்புக்கு அதானுங்க ருசி.”

“வாட்ட வேண்டாமுங்க அண்ணா. ரெண்டாப் பிளக்கவும் வேண்டாம். இன்னைக்கு வெட்டுனதா அப்படியே முழுசாக் குடுங்க.”

தீயில் வாட்டினால் உள்ளே சவ்வு வெந்துவிடும். பழைய தலையில் காய்ந்து ஒட்டிவிடும். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, ஆனால் கடைவாய்ப்பல் வரிசை உண்டு. அதன் மேலே கன்னத்தில் சைனஸும் உண்டு. தசையை விலக்கி, நரம்பு வெளிவரும் துளையை அடையாளம் வைத்து ஜன்னல் திறந்தால், நிஜ எலும்பு கொடுக்கும் எதிர்ப்பு கைக்குத் தெரியும். உள்ளே தடுப்புச்சுவர் குறுக்கிடலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மனிதர்களில் அந்தச் சுவர்களை 1910இல் லண்டனில் ஆர்தர் அண்டர்வுட் விவரித்தார், அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. சவ்வு கிழிவதற்கு அவை ஒரு முக்கியக் காரணம்.

ஆட்டுத்தலைக்கும் எல்லை உண்டு. ரத்தம் வராது. மனிதருக்கு ஜன்னல் போடும் சுவரிலேயே ஒரு தமனி குறுக்கே ஓடும், அது அறுந்தால் என்ன செய்வது என்பதை இறந்த தலை சொல்லித் தராது. பதப்படுத்திய உடலிலும் சவ்வு விறைத்திருக்கும். நோயாளி மூச்சு விடும்போது சவ்வு மெல்ல ஏறி இறங்குமே, அது முழுசாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். அதைப் பார்க்க அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் உதவியாளாக நின்றே ஆக வேண்டும். எனக்கு அப்படி நிற்க இடம் கொடுத்த மூத்தவர், ரிட்ராக்டரைப் பிடிக்கவே பல மாதம் வைத்திருந்தார். டேட்டம் காலத்து வழியும் அதுதான்.

இப்போது என்னிடம் கற்க வருகிறவர்களுக்குத் திரை கிடையாது. ஆளுக்கு ஒரு தட்டு முட்டை, ஆளுக்கு ஒரு தலை. சவ்வைத் தூக்கிய பிறகு தண்ணீர் விட்டு, கசிகிறதா என்று நானே பார்ப்பேன். கசிந்தால் அடுத்த வாரம் மறுபடி வர வேண்டும், கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. 1948 சட்டத்தின் இடத்துக்கு வருவதற்காக 2023இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் விதிகள் எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அறுவைப் பயிற்சிச் சான்றிதழில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார் என்று போடாதீர்கள். எத்தனை சவ்வைத் தன் கையால் தூக்கினார், அதில் எத்தனை கிழிந்தது, பக்கத்தில் நின்று பார்த்தவர் யார் என்று போடுங்கள். பார்த்தவரும் அதில் கையெழுத்துப் போடட்டும்.