தீவுக்குள் நுழைந்த எஸ்

லவால் ஒரு தீவு. மொன்றியலில் வேலை, இங்கே வீடு என்று நாள்தோறும் போய்வருகிறவர்களுக்கே இது மறந்துபோகும். 2007இல் ஆற்றுக்கு அடியால் மெட்ரோ வந்ததிலிருந்து தண்ணீரும் கண்ணில் படுவதில்லை. தீவின் பெயர் ஈல் ஜேசு. வடக்குப் பக்கம் ஓடும் ஆறு மில் ஈல், அதாவது ஆயிரம் தீவுகள். பெயர்ப்பலகையில் அந்த 'ஈல்' தொடங்கும் இடத்தைப் பாருங்கள்: ஐ எழுத்தின் தலையில் ஒரு சின்னத் தொப்பி இருக்கும்.

1977இல் வந்த மொழிச் சட்டத்தால், குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் கியூபெக்கில் பெரும்பாலும் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்கே போகிறார்கள். நம்முடைய பிள்ளைகளும்தான். ஆங்கிலம் அங்கே ஒரு பாடம். சொல்வதெழுதுதலில் தீவுக்கான ஆங்கிலச் சொல்லை ஐ, எல், ஏ, என், டி என்று காதில் விழுந்தபடி ஒரு பிள்ளை எழுதினால் சிவப்புக் கோடு நிச்சயம். நடுவில் எஸ் எங்கே?

சரித்திரத்தைக் கேட்டால் நியாயம் பிள்ளை பக்கம்தான். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஏறக்குறைய 'ஈய்லண்ட்'. 'ஈய்' என்றாலே தீவுதான். அதோடு நிலம் என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. உச்சரிப்பு மெல்ல 'ஐலண்ட்' ஆனது, எழுத்திலும் எஸ் கிடையாது. 1611இல் அச்சான ஆங்கில பைபிளில்கூட எஸ் இல்லாத தீவைப் பார்க்கலாம்.

எஸ் வந்த வழி வேறு. லத்தீன் 'இன்சுலா' பிரெஞ்சில் தேய்ந்து, எஸ் ஒலியையும் இழந்தது. லத்தீன் படித்தவர்கள் ஒலி போனாலும் எழுத்தாவது இருக்கட்டும் என்று எஸ்ஸைத் திரும்ப எழுதினார்கள். ஆங்கிலம் கடன் வாங்கிய 'ஐல்' என்ற சொல்லிலும் அந்த ஊமை எஸ் வந்து உட்கார்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் எழுதத் தெரிந்தவர்களின் கண்ணில் 'ஐல்', 'ஐலண்ட்' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பட்டன. பொருள் ஒன்று, ஓசையும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரே குடும்பம் என்று முடிவுகட்டி, எஸ் இல்லாததற்கும் ஒன்றைச் செருகிவிட்டார்கள். உண்மையில் இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை. கடனுக்கான ஆங்கிலச் சொல்லில் ஊமையாக நிற்கும் பி எழுத்தும் படித்தவர்கள் செருகியதுதான், ஆனால் அதற்கு லத்தீனில் ஒரு பாட்டனாவது உண்டு. இந்த எஸ்ஸுக்கு அதுவும் இல்லை.

பிழை அதோடு நிற்கவும் இல்லை. கோயில், விமானம், பலசரக்குக் கடை எங்கும் வரிசைகளுக்கு நடுவே உள்ள நடைபாதைக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'ஐல்', சிறகைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தீவோடு குழம்பி அதற்கும் ஒரு எஸ் ஒட்டிக்கொண்டது. பிறகு யாருக்கோ சிறகு ஞாபகம் வர, முன்னால் ஒரு ஏ சேர்ந்தது. எஸ்ஸை எடுக்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தீவிலிருந்து அதை எடுக்கச் சொன்ன ஆள் ஒருவர் உண்டு. அமெரிக்க அகராதிக்காரர் நோவா வெப்ஸ்டர், 1828இல் வந்த தமது அகராதியில் இந்த எழுத்துக்கூட்டலை அர்த்தமில்லாத ஒட்டு என்றே திட்டினார். 'கலர்' என்பதிலிருந்து யூவைத் துரத்தி வெற்றி கண்டவர் அவர். யூ இல்லாத அந்தச் சொல் லண்டனில் பிழை, நியூயோர்க்கில் சரி, கனடாவில் ஆளுக்கொரு கட்சி. எஸ் இல்லாத தீவுக்கு மட்டும் எந்த நாட்டிலும் இடமில்லை. அதற்குள் அச்சுக்கூடமும் பள்ளிக்கூடமும் எஸ்ஸோடு பழகிப்போயிருந்தன.

பிழை எது என்று சொல்ல ஆங்கிலத்துக்கு ஒரு மன்றம் கிடையாது. துதிக்கை வைத்த லை, னை போக நமக்கு 1978இல் ஒரு தமிழ்நாட்டு அரசாணை வந்தது. பிரெஞ்சுக்கு 1635இலிருந்து அக்காதெமி இருக்கிறது. அது 1740இல் வெளியிட்ட அகராதியில் ஆயிரக்கணக்கான சொற்களைத் திருத்தியது. பல ஊமை எஸ்கள் அதில் கழிந்தன. அவை நின்ற இடத்துக்கு அடையாளமாகத் தொப்பி வந்தது. 1990இன் திருத்தம் 'ஈல்' போன்ற சொற்களில் அந்தத் தொப்பியும் கட்டாயமில்லை என்றது. லவாலின் பலகைகள் அதை இன்னும் கழற்றவில்லை. சொந்தக்காரனே எஸ்ஸைக் கைவிட்டு 280 வருடத்துக்கு மேலாகிறது. உரிமையே இல்லாத ஆங்கிலம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது, விட்டால் மதிப்பெண்ணையும் குறைக்கிறது.

பிரெஞ்சில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பிரெஞ்சில் தொப்பி இருக்கும் பல இடங்களில் ஆங்கிலத்தில் எஸ் இருக்கும். 'ஒப்பித்தால்' என்றால் ஹொஸ்பிட்டல், 'ஃபொறே' என்றால் ஃபொரெஸ்ட். மொன்றியலில் நம்மவர்கள் முதலில் வந்து இறங்கிய கோட்-டெ-நேஜில் உள்ள 'கோட்' ஆங்கிலத்தில் கோஸ்ட். இதே கணக்கில் 'ஈல்' தலையிலுள்ள தொப்பியைப் பார்த்துத் தீவிலும் எஸ்ஸைப் போட்டால் ஆசிரியர் சரி போடுவார். மற்ற மூன்றும் உண்மையான உறவால் சரியாகின்றன. தீவில் விடை சரியாவதற்குக் காரணம், 16ஆம் நூற்றாண்டுக்காரர்களும் இதே கணக்கைப் பிழையாகப் போட்டதுதான்.