இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களும் கண்காணிப்பும்

ஆதரவற்ற முதியோரைப் பேணுதல் ஊரவர் கடனென 1601 ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் இங்கிலாந்தில் விதித்தது. 1834 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமோ உதவி நாடுவோரைத் தொழில்விடுதிகளுட் புகுத்த முனைந்தது. விடுதி வாழ்வு வெளியிலுள்ள ஏழைத் தொழிலாளியின் வாழ்விலும் தாழ்ந்திருத்தல் வேண்டுமென்பது அதன் கொள்கை. அன்டோவர் விடுதியிலிருந்தோர், உரத்துக்காக நொறுக்கக் கொடுத்த எலும்புகளில் எஞ்சிய ஊனைப் பசி தாளாது உண்டமை 1845 இல் வெளிப்பட்டது. அதனாலெழுந்த கண்டனத்தின் பின், 1847 இல் வறியோர் சட்ட ஆணைக்குழு நீக்கப்பட்டு வேறொரு சபை அமைக்கப்பட்டது.

1948 ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் பழைய முறையை ஒழித்து, முதியோர்க்கு உறைவிடமளிக்கும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தது. ஆயினும், பலவிடங்களிற் கட்டடங்கள் மாறவில்லை. பீற்றர் ரவுன்சென்ட் இங்கிலாந்திலும் வேல்சிலும் 173 இல்லங்களை ஆராய்ந்து 1962 இல் வெளியிட்ட நூல், பழைய தொழில்விடுதிகள் பல முதியோர் இல்லங்களாகத் தொடர்ந்தியங்கியதையும், நெருக்கமான படுக்கைக் கூடங்களில் அந்தரங்கமும் தன்னுரிமையும் இழந்து முதியோர் வாழ்ந்ததையும் காட்டிற்று. குறைந்தபட்சத் தேசியத் தரங்களை வகுக்க 2000 ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது.

1845 இலும் 1962 இலும் குறைகள் வெளிவந்தமை நேரில் விசாரித்தறிந்தோராலேயே. சட்டம் கடமையை விதிக்கும். அக்கடமை நிறைவேறுகின்றதா என்பதை இல்லத்தினுட் சென்று காண்போரே அறிவர்.