மன்னார் வழிநடையும் மருட்கையும்

மலையும் கடலும் பெருங்காடும் காண்பார்க்கு வியப்பைத் தருவன என்பர். எனினும் ஒரே நிலக்காட்சி யாவர்க்கும் ஒரே உணர்ச்சியைத் தருவதில்லை. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையையும் அச்சத்தையும் அடுத்தடுத்து வைத்தார். வியப்பாகிய மருட்கை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கினின்றும், அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினின்றும் தோன்றும் என்பது அவர் வகுத்த முறை. இவ்விரு மெய்ப்பாடுகளும் ஒரே நிலத்தில் எங்ஙனம் நிகழ்ந்தன என்பதை மன்னாரின் வழிநடை வரலாறு காட்டுகின்றது.

மன்னார்த் தீவு மலையற்ற மணற்பரப்பு. மன்னார் நகரின் ஒரு பகுதியான உப்புக்குளத்தின் பெயரே உவர்நிலத்தின் இயல்பை உணர்த்தும். தீவின் முனையாகிய தலைமன்னாருக்கு அப்பால், தனுஷ்கோடி நோக்கி மணற்றிட்டுகள் தொடர்கின்றன. ஆபிரிக்காவுக்குரிய பெருக்கமரம் பள்ளிமுனையில் இன்றும் நிற்கின்றது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற், 1859இல் வெளியிட்ட தமது நூலில் மன்னாரின் பெருக்கமரங்களைப் பற்றி எழுதியுள்ளார். நின்று நோக்கவும் நோக்கியதை எழுதவும் அவருக்குப் பதவியும் ஓய்வும் இருந்தன.

அதே காலத்தில் அதே கரையில் வேறு மக்களும் இறங்கினர். மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்டவர்கள் அவர்கள். தலைமன்னாரிலும் அயற்கரைகளிலும் தோணியை விட்டிறங்கி, கங்காணியின் தலைமையில் கூட்டங் கூட்டமாக, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடந்தனர். வழியிற் பெரும்பகுதி அடர்காடு. விலங்கும் நீரின்மையும் வாந்திபேதியும் அவர்களை அலைக்கழித்தன. பலர் பாதையோரத்திலேயே இறந்தனர். தப்பிச் சென்றோரைத் தோட்டத்துத் துரையின் ஆணையும் கங்காணியிடம் பட்ட கடனும் எதிர்நோக்கின. அச்சத்திற்குத் தொல்காப்பியர் கூறிய காரணங்களுள் விலங்கு வழியிலும், இறை வழியின் முடிவிலும் நின்றன எனலாம்.

அவர்களுக்கு மருட்கை தோன்றவில்லை என்று இதனாற் கொள்ளல் பொருந்துமா? சமவெளியிற் பிறந்து வளர்ந்தோர் தம்புள்ளைப் பாறையையும், மாத்தளைக்கு அப்பால் உயர்ந்த மலைகளையும் முதன்முறை கண்டபோது, புதுமையும் பெருமையும் அவர்கள் கண்முன் நின்றிருத்தல் வேண்டும். அவ்வுணர்வை எழுதிவைக்க அவர்களிடம் எழுத்தும் ஓய்வும் இல்லை. எழுதாமை உணராமை ஆகாது. வரலாறோ எழுதியவரைப் பயணி என்றது. நடந்தவரைக் கூலி என்றது.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழிக்கத் தொடங்கியது. தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதம் வந்தது. காட்டுவழி நடந்தவர்களின் நினைவு வாய்மொழியில் மட்டும் எஞ்சியது. மலையகத் தமிழர் வருகையின் இருநூறாவது ஆண்டை முன்னிட்டு, 2023 யூலை இறுதியில் தலைமன்னாரில் நடைபயணம் ஒன்று தொடங்கி, ஓகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவுற்றது. முன்னோர் நடந்த வழியை நினைவுகூர்ந்து ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்த அப்பயணம், காணி, வீடு, சம உரிமை ஆகியவற்றுக்கான கோரிக்கையாகவும் அமைந்தது.

இயற்கையின் பெருங்காட்சியை நாடி நடத்தல் இன்று இளைஞரிடையே பரவிவரும் நற்பழக்கம். மன்னாரிலிருந்து மலைநாடு செல்வோர் மணலையும் காட்டையும் மலையையும் கண்டு வியத்தல் தகும். அவ்வியப்போடு, அஞ்சி நடந்தவர்களின் அடிச்சுவடும் அந்நிலக்காட்சியின் ஒரு கூறே என அறிதல் வரலாறு கற்போர் கடனாகும்.