ரப்பர் தூளில் ஒரு சரித்திரம்!

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே இருக்கிறது மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களான நயினார்களின் தலைமை மடம் இங்கேதான். அந்த மடத்தில் ஓலைச்சுவடிகள் உண்டு. சுவடி என்றதும் 'அதில் என்ன எழுதியிருக்கு?' என்றுதான் கேட்போம். 'அதன் மேல் என்ன ஒட்டியிருக்கு?' என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

இங்கிலாந்தில் கேட்டார்கள்! அங்கே அந்தக் காலத்தில் கன்று, ஆடு இவற்றின் தோலைப் பதப்படுத்தி அதில்தான் எழுதினார்கள். எந்த மிருகத்தின் தோல் என்று பார்க்க ஒரு துணுக்கு வெட்டணும் என்றால் எந்த நூலகர் சம்மதிப்பார்? ஆனால், ஏட்டின் அழுக்கை எடுக்க ரப்பரால் லேசாகத் தேய்ப்பது அவர்கள் வழக்கம். அந்தத் தூள் குப்பைக்குப் போகும். யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைக் குப்பியில் பிடித்துக்கொண்டார்கள். தேய்க்கும்போது உண்டாகிற மின்சாரம், தோலிலுள்ள கொலாஜன் என்ற புரோட்டீனைத் துளியூண்டு இழுத்து ரப்பரில் ஒட்டவைத்துவிடுகிறது (தலையில் தேய்த்த சீப்பு காகிதத்தை இழுக்குமே, அதே சங்கதி!). கொலாஜன் மாட்டுக்கு ஒரு மாதிரி, ஆட்டுக்கு ஒரு மாதிரி.

13-ம் நூற்றாண்டில் கையடக்க பைபிள்கள் வந்தன. தாள் அத்தனை மெல்லிசு! பிறக்காத கன்றின் தோல், முயல் தோல், அணில் தோல் என்றெல்லாம் பண்டிதர்கள் சண்டை போட்டார்கள். 2015-ல் ரப்பர் தூள் பதில் சொன்னது: சாதாரண கன்று, வெள்ளாடு, செம்மறிதான். மெல்லிசாக்கியது கைவேலை! 2017-ல் யார்க் தேவாலயத்தின் ஆயிரம் வருடத்து சுவிசேஷப் புத்தகத்தைத் தேய்த்த தூளிலிருந்து டி.என்.ஏ.-வே கிடைத்தது. கன்றுகள் ஆணா, பெண்ணா என்பதோடு, தொட்டுப் புரட்டியவர்களின் தோலில் இருந்த பாக்டீரியாக்களும் அதில் தெரிந்தன.

நம் சுவடிக்கு வருவோம். பனையோலையில் கொலாஜன் கிடையாது. ஆனால், ஓலைக்கும் டி.என்.ஏ. உண்டு. புரட்டிய விரல், தடவிய எண்ணெய், துளைத்த பூச்சி என்று மேலே ஏறியதும் ஏராளம். நம் ஊர் வெயிலில் டி.என்.ஏ. சீக்கிரம் சிதையும், புரோட்டீன் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

ஒரு காலத்தில், பிரதி எடுத்த பழைய ஓலையை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டோம். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் சுவடிகளை ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு உ.வே.சா. துடித்துப்போனார். இன்றைக்கு ஆல்கஹாலில் துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் பாதுகாக்கிறோம். ஓலை பிழைக்க அது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. துடைப்பதற்கு முன்னால் உதிர்கிற பொடியை மட்டும் ஒரு கவரில் போட்டு, எந்தச் சுவடி, எத்தனையாவது ஏடு என்று மேலே எழுதி வைக்கலாமே! ஒரு கவர், ஒரு பென்சில்... அவ்வளவுதான் செலவு.