எண்ணாயிரம்: படிச்சவங்களுக்கு அளந்த நெல்

பேராவூரணிப் பக்கம் நெல்லை கலம், மரக்கால்னு கணக்குச் சொல்ற பெரியவங்க இன்னும் இருக்காங்க. அதனாலயோ என்னவோ, விழுப்புரம் மாவட்டம் எண்ணாயிரம் கோயில்ல இருக்கும் முதலாம் இராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு எனக்கு ரொம்ப நெருக்கம். சுமார் 1,000 வருஷத்துக்கு முந்தைய ஒரு வேதக் கல்லூரியின் உதவித்தொகைப் பட்டியல் அது.

கீழ்நிலை மாணவர்கள் 270 பேர். வேதமும் அடிப்படை இலக்கணமும் படிச்சாங்க; ஆளுக்கு தினம் 6 நாழி நெல். மேல்நிலையில் 70 பேர்: வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. இவங்களுக்கு 1 குறுணி 2 நாழி. ஒரு குறுணிக்கு 8 நாழி, ஆக 10 நாழி. உயர்படிப்புக்கு உதவியும் கூடுதல்!

கூட்டிப் பார்த்தேன்: தினமும் 2,320 நாழி, அதாவது 24 கலம் 2 குறுணி. கல்லூரிக்காக ஒதுக்கிய நிலம் 45 வேலி, ஏறக்குறைய 300 ஏக்கர்.

சரி, தகுதி? வேதம் ஓதும் குலத்தில் பிறந்திருக்கணும். அந்த நெல்லை விளைவிச்சவங்க வீட்டுப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

நான் உதவித்தொகையில் பி.இ. படிச்சவன். என்கிட்டயும் சாதிச் சான்றிதழ் கேட்டாங்க. ஆனா அது உள்ளே விடுறதுக்காகக் கேட்டது.