இரண்டாவது விடையை ஏன் அடித்தோம்?



போன வாரம் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி போனில் பேசினாள். அவள் மகன் இப்போது பத்தாம் வகுப்பு. "சார், இருபடிச் சமன்பாட்டுல சூத்திரம் போட்டா ரெண்டு விடை வருது. ஒண்ணை ஏன் அடிக்கணும்னு கேக்கிறான். மைனஸ் வந்தா அடிச்சிடுன்னு நீங்க சொன்னதையே சொல்லட்டுமா?" என்றாள்.

ஆமாம், அப்படித்தான் நான் சொல்லித் தந்தேன். ஆனால் அது அரைகுறைப் பதில். மீதியை இன்று சொல்கிறேன்.

9ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல் குவாரிஸ்மி ஒரு கணக்குப் போட்டார். ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதன் பத்து மடங்கைக் கூட்டினால் 39. அவர் தந்த விடை 3. மைனஸ் 13 போட்டாலும் 169-லிருந்து 130 போக 39 வரும். அதை அவர் சொல்லவில்லை. சதுரம் வரைந்து விளக்கியவர் அவர். சதுரத்தின் பக்கம் குறை எண்ணாக இருக்க முடியாதே!

நம் நாட்டில் அதற்கு முன்பே, 628-ல், பிரம்மகுப்தர் குறை எண்களைக் கடனாகவும் மிகை எண்களைச் செல்வமாகவும் கொண்டு விதிகள் எழுதிவிட்டார். 1150-ல் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் இரண்டு குரங்குக் கணக்குகள் தந்தார்.

முதல் கணக்கு: ஒரு கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கின் வர்க்கம் தோப்பில் விளையாடுகிறது. மீதி 12 குன்றின் மேல். மொத்தம் எத்தனை? சமன்பாடாக்கினால், எண்ணின் வர்க்கத்திலிருந்து அதன் 64 மடங்கைக் கழித்து 768 கூட்டினால் பூஜ்யம்.

இதற்கு ஸ்ரீதரர் சொன்ன வழியைப் பாஸ்கரரே எடுத்துக் காட்டுகிறார். இருபுறமும் 4-ஆல் பெருக்கி, 64-இன் வர்க்கத்தைக் கூட்டுங்கள். இடப்பக்கம் முழு வர்க்கமாகிவிடும், வலப்பக்கம் 1024. அதன் வர்க்கமூலம் 32, மைனஸ் 32 இரண்டும்தான். அதனால் விடை 48 அல்லது 16. நீங்கள் மனப்பாடம் செய்த சூத்திரத்தின் ± குறி பிறந்த இடம் இதுவே. இரண்டையும் சரிபாருங்கள்: 36-ம் 12-ம் 48. 4-ம் 12-ம் 16. இரண்டையும் பாஸ்கரர் ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது கணக்கு: கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் 3 குறைத்து, அதன் வர்க்கம் குகைக்குள் போனது. ஒன்று மட்டும் கிளையில். விடை 50 அல்லது 5. பாஸ்கரர் 5-ஐ ஏற்கவில்லை. 5-இல் ஐந்தில் ஒரு பங்கு 1, அதில் 3 போனால் மைனஸ் 2 குரங்கு. அப்படி ஒன்றை உலகம் ஒப்பாது என்பது அவர் காரணம்.

இங்கே கவனியுங்கள். அடிபட்ட 5 மைனஸ் எண் அல்ல! என் பழைய விதியை நம்பியிருந்தால் 5-ஐயும் சரி என்று எழுதியிருப்போம்.

வரைபடம் வெகுகாலம் கழித்து வந்தது. 1637-ல் டெக்கார்ட் சமன்பாட்டையும் வளைவையும் இணைத்தார். அவர்கூடக் குறை மூலங்களைப் பொய் மூலங்கள் என்றுதான் அழைத்தார். பின்னால் வந்தவர்களே அச்சின் இடப்பக்கத்திலும் அவற்றுக்கு இடம் கொடுத்தார்கள்.

முதல் கணக்கின் பரவளையத்தை வரையச் சொல்லுங்கள். கிடை அச்சை 16-லும் 48-லும் வெட்டும். நடுக்கோடு 32. அங்கிருந்து இருபுறமும் 16 தூரம். சூத்திரமும் இதையேதான் சொல்கிறது: முதலில் நடுக்கோடு, பிறகு இருபுறமும் சம தூரம். ஒரு விடை இருந்தால் அதன் இரட்டை எதிர்ப்பக்கம் நிற்கும். அதைச் சமன்பாடு தவறாகத் தரவில்லை.

ஆகவே அம்மா, உன் மகனிடம் இப்படிச் சொல்: சமன்பாடு இரண்டையும் தரும். எதை வைத்துக்கொள்வது என்பதைக் கணக்கின் கதைதான் சொல்லும். இரண்டையும் கதையில் போட்டுப் பார். அடிப்பதாக இருந்தால் பக்கத்தில் காரணத்தை எழுது.

என்னிடம் படித்த மற்றவர்களும் உங்கள் பிள்ளைகளுக்கு இப்படியே சொல்லிக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்