கேள்வி கேட்ட சீடர்கள்: சம்பா கோயில் சுவரும் ஞானோபதேசமும்



தமிழில் முதலில் அச்சேறியவை ஞானோபதேச நூல்கள்தாம். 1578இல் கொல்லத்தில் 16 பக்கங்களில் ‘தம்பிரான் வணக்கம்’ வந்தது. மறு ஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வந்தது. பின்னாளில் பங்குகளில் பிள்ளைகள் ஒப்பித்த ‘சின்னக் குறிப்பிட’மும் இந்த மரபில் வந்ததே. இக்கல்வியில் கேள்வி கேட்பவர் உபதேசியார். விடை சொல்வது பிள்ளை. அந்த விடையும் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டது.

புதுச்சேரியில் ஒருமுறை இந்த முறை தலைகீழானது. நாம் பேச வந்தது அதைத்தான்.

1703இல் போப்பின் தூதராகத் தூர்னோன் புதுச்சேரிக்கு வந்தார். பறையர் வீடுகளில் நோயுற்றுக் கிடப்போரைக் குருக்கள் அங்கேயே சென்று பார்த்து, திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்று 1704இல் ஆணையிட்டார். அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டதே அன்றைய நிலையைக் காட்டிவிடுகிறது. சாதிக் கிறித்தவரின் மதிப்பை இழக்க அஞ்சிய இயேசு சபையார் சேரி வீட்டு வாசலை மிதிக்கத் தயங்கினர். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அந்த ஆணையை உறுதிசெய்தார். பறையருக்கென்று தனிக் குருக்களை ஏற்படுத்துவதே அப்போது கண்ட வழி. தீர்வும் பிரிவினையாகவே வந்தது!

அடுத்த ஆண்டு, 1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சம்பா கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் பறையர், மறுபுறம் சாதிக் கிறித்தவரும் ஐரோப்பியரும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு குரு தந்த ஊக்கத்தில், சேரி மக்கள் திரண்டு பெரிய குருவிடம் போனார்கள். நாங்களும் உம் சீடர்தானே, ஆண்டவர் எல்லாரையும் ஒன்றாக ஏற்கிறார் என்றால் கோயிலில் ஏன் இந்தப் பேதம் என்று கேட்டார்கள். குறிப்பிடத்தில் இல்லாத கேள்வி அது. குருவிடம் மறுப்பு இல்லை, சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள்.

பிள்ளை கிறித்தவர் அல்லர். சேரிக்கு நண்பரும் அல்லர். ஆகவே அவர் சாட்சியத்துக்கு வலு அதிகம். ஆனால் அதிலும் கோபப்பட்ட முதலியின் பெயர் இருக்கிறது. கேள்வி கேட்டவர்களின் பெயர் இல்லை.

1761இல் ஆங்கிலேயர் அந்தக் கோயிலைத் தகர்த்தனர். 1791இல் கட்டி முடிக்கப்பட்ட இன்றைய பேராலயத்தையும் மக்கள் சம்பா கோயில் என்றே அழைக்கிறார்கள். கேள்வியும் தீர்ந்துவிடவில்லை. 1964ஆம் ஆண்டின் புதுச்சேரிப் பட்டியல் சாதிகள் ஆணை, கிறித்தவரான தலித்தைப் பட்டியலுக்கு வெளியே வைக்கிறது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்பது சட்டத்தின் அனுமானம். 1745இன் சுவரே அதற்கு மறுப்பு.

ஒரே அப்பம், ஒரே ஞானஸ்நானம் என்று சேரிப் பிள்ளைக்குக் கற்பித்தால், அப்பிள்ளை அதை நம்பிவிடும். நம்பியவர்கள்தாம் அன்று சுவரைப் பார்த்துக் கேட்டார்கள். மறைக்கல்வி எதைக் கற்பிக்கிறது என்பதோடு, அதைக் கற்ற பிள்ளை கல்லறைத் தோட்டத்தையும் திருவிழாத் தேர் போகாத தெருவையும் காட்டிக் கேள்வி கேட்கும்போது பங்கு என்ன விடை தருகிறது என்பதையும் நாம் ஆராய வேண்டும். மாணவ நண்பர்கள் தத்தம் ஊரிலிருந்தே அந்த ஆய்வைத் தொடங்கலாம்.